உடலைப் பற்றிய பொது அறிவு: எதைக் கேட்பது, எதற்காகக் கேட்பது?

வாசகர் கேள்வி, நவம்பர் 2

"என் மகள் எட்டாம் வகுப்பு. வட்டார வினாடி வினாவில் 'மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு எது?' என்று கேட்டிருக்கிறார்கள். கல்லீரல் என்று எழுதினாள். தோல்தான் விடை என்று மதிப்பெண் தரவில்லை. வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது. யார் சொல்வது சரி? இப்படிக் கேட்டு எதைத்தான் தெரிந்துகொள்கிறார்கள்?"

நவம்பர் 2, இரவு

கேட்ட கேள்விக்குத் தோல்தான் விடை. அதில் வாதாட இடமில்லை. ஆனால் பிள்ளை கல்லீரல் என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளுறுப்புகளில் பெரியது அதுதான். சுரப்பிகளில் பெரியதும் அதுதான். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். இந்த வரிகளைப் படித்திருந்த பிள்ளை, கேள்வியில் 'உள்' என்ற சொல் இல்லாததைக் கவனிக்காமல் போயிருக்கும். அந்தக் கேள்வி கண்ணின் கூர்மையைச் சோதித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோலும் ஓர் உறுப்பு என்று பிள்ளை உணர வேண்டுமானால் நான் இப்படிக் கேட்பேன்: உடலில் பாதி வெந்துபோனவருக்கு முதல் நாளே ஏன் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுகிறார்கள்? தோல் போனால் உடலின் நீரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. வெந்த இடத்து ரத்தக் குழாய்களும் கசியும், ரத்த அழுத்தம் சரியும். இதை ஒரு முறை யோசித்த பிள்ளை தோலை மறக்காது.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உடலறிவுத் தேர்வு நடத்துகிறோம். கேள்வி தயாரிப்பது என் பொறுப்பு. அதனால் இந்த இழையை எளிதில் விட மாட்டேன்.

நவம்பர் 3, காலை

"அப்படியானால் எலும்பு 206 என்பதும் தவறா?" என்று கேட்டிருக்கும் நண்பருக்கு: தவறில்லை. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் எண் அது. பிறந்த குழந்தைக்கு 270க்கும் மேல் இருக்கும். வளர வளரச் சில ஒன்றோடொன்று இணைந்துவிடும். இடுப்புக்குப் பின்னால் இருக்கும் திருவெலும்பு ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒன்றானது. அந்த இணைப்பு முடிவதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். சிலருக்குக் கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருப்பதும் உண்டு. ஆகவே 'குழந்தைக்கு அதிகமா, தாத்தாவுக்கு அதிகமா?' என்று கேளுங்கள். தாத்தா என்று சொல்லும் பிள்ளைக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு விளக்கினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

நவம்பர் 3, மாலை

போட்டித் தேர்வுக்கான நூறு கேள்விகளை ஒருவர் இங்கே பதிந்திருக்கிறார். உழைப்புக்கு நன்றி. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் பணிக்காலம் முழுவதும் என்னைத் துரத்திய கேள்வி: 'சுத்த ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய் எது?' விடை: தமனி.

நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரல் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். எனவே அந்த விடை அங்கேயே உடைந்துபோகிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. இந்த வரையறைக்கு விதிவிலக்கே கிடையாது. ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டபோது அவர் பின்பற்றியதும் திசையைத்தான். சிரைகளின் வால்வுகள் ஒரே திசையில் திறப்பதை அவர் கையைக் கட்டிக் காட்டினார்.

இது புத்தகச் சண்டை என்று நினைக்க வேண்டாம். ரத்த தான முகாமில் ஊசி போடுவது சிரையில். பையில் இறங்கும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு முகாமில், மகன் தானம் செய்வதைப் பார்க்க வந்த தாய் பையைக் கண்டதும் பதறிவிட்டார். "கறுத்துப்போய் இருக்கிறதே, பிள்ளைக்கு ரத்தம் கெட்டுவிட்டதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஆறுதல் சொன்னார்: "அசுத்த ரத்தத்தைத்தான் எடுக்கிறார்கள் அம்மா, நல்லதுதான்." இரண்டு பேரும் பள்ளியில் படித்ததை நினைவில் வைத்திருந்தார்கள். சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால் நிறம் கருஞ்சிவப்பு. அதில் அழுக்கு எதுவும் இல்லை. அந்தப் பை இன்னொருவர் உயிருக்குப் போகிறது. அழுக்கை எடுத்தா கொடுப்போம்?

நவம்பர் 5

அதே பட்டியலில்: 'அனைவருக்கும் ரத்தம் கொடுக்கக்கூடிய பிரிவு எது?' விடை ஓ என்று போட்டிருக்கிறார்கள். ஓ நெகட்டிவ் என்று இருக்க வேண்டும். அதுவும் சிவப்பணுக்களுக்கு மட்டும். பிளாஸ்மா, அதாவது அணுக்கள் மிதக்கும் திரவம், என்று வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே ஏபி பிரிவுதான் எல்லோருக்கும் பொருந்தும். கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் ரத்தப் பிரிவுகளை வெளியிட்டதற்கு அடிப்படையே, ஒருவர் அணுக்கள் மற்றொருவர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த திரவம்) திரள்வதை அவர் கவனித்ததுதான். அணு ஒரு பக்கம், சீரம் ஒரு பக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி எப்படி மாற்றிக் கேட்டாலும் விளங்கும்.

இதில் எனக்கு நெருக்கமான ஒன்று உண்டு. பம்பாய் ரத்தப் பிரிவு. 1952இல் மருத்துவர் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் பம்பாயில் கண்டறிந்தது. சிவப்பணுவின் மேல் இருக்கும் ஏ, பி என்ற அடையாளப் பொருள்கள் இரண்டும் எச் என்ற அடித்தளத்தின் மேல் எழும் மாடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ பிரிவினரிடம் மாடி இல்லை, அடித்தளம் உண்டு. பம்பாய்ப் பிரிவினரிடம் அடித்தளமே இல்லை. அவர்கள் ரத்தத்தில் ஏ எதிர்ப்பு மருந்தை விட்டாலும் திரளாது, பி எதிர்ப்பு மருந்தை விட்டாலும் திரளாது. அவசரத்தில் பார்ப்பவர் ஓ என்று எழுதிவிடுவார். ஆனால் அவர்கள் உடலில் எச்சுக்கு எதிரான பொருள் இருப்பதால் ஓ ரத்தத்தையும் ஏற்க முடியாது. இன்னொரு பம்பாய்ப் பிரிவினர்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது.

பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் பொருத்திப் பார்த்த இரவு நினைவில் இருக்கிறது. அட்டையில் ஓ பாசிட்டிவ். ஓ பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்துகிறோம். ஒவ்வொரு குழாயிலும் அணுக்கள் திரண்டு கீழே கட்டியாக நிற்கின்றன. ஒன்று பொருந்தவில்லை என்றால் பையில் கோளாறு எனலாம். எல்லாமே பொருந்தவில்லை என்றால் நோயாளியைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அவருடைய சீரத்தை ஓ அணுக்களோடு சேர்த்தோம்; திரண்டது. விடை கிடைத்துவிட்டது. பிறகு கொடையாளரைத் தேடும் வேலை, தொலைபேசி, மாவட்டம் விட்டு மாவட்டம். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

'ஓ அனைவருக்கும் கொடுக்கலாம்' என்ற ஒற்றை வரியை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம்.

நவம்பர் 5, பின்னிரவு

"ஒரே ரத்தப் பிரிவு உள்ளவர்கள் திருமணம் செய்யலாமா?" மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஜாதகத்தோடு ரத்தப் பிரிவையும் ஒட்டிப் பார்த்து வரனைத் தள்ளுகிறவர்கள் தயவு செய்து இதைப் படியுங்கள். கவனிக்க வேண்டியது ஆர்எச், அதாவது பிரிவின் பின்னால் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும்: தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கக்கூடும். அப்போது தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களுக்கு எதிரான பொருளை உண்டாக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில், அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி; குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஓர் ஊசி. திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஊசியை மறக்காமல் இருந்தால் போதும். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது வேறு சங்கதி. அங்கே இரு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஊரில் அதைக் கேட்காமல் இதைக் கேட்கிறார்கள்.

நவம்பர் 8

நூலகத் தேர்வில் இந்த முறை தாளே கொடுக்கவில்லை. மேசையில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட் ஒன்று, ஒரு டம்ளர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்பூன். "வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கலக்கிக் காட்டுங்கள்." வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள், சில தாத்தாக்கள்.

பலர் பாக்கெட்டைக் கிழித்து நேராக டம்ளரில் கொட்டினார்கள். பின்பக்கத்தைப் படித்தவர்கள் குறைவு. நான் வைத்திருந்தது 20.5 கிராம் பாக்கெட். அது ஒரு முழு லிட்டருக்கானது. கடைகளில் 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது. அதைப் பழகியவர்கள் இதையும் அப்படியே கொட்டுகிறார்கள். லிட்டருக்கான பொடியை டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு அடர்த்தி. குடலுக்குள் அவ்வளவு உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் உடலிலிருந்து நீர் குடலுக்கு இழுக்கப்படும், போக்கு கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். உயிர் காக்கும் பொருளே ஆபத்தாகிவிடும்.

ஒரு பாட்டி மட்டும் பாக்கெட்டைத் தொடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, "எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது, படி" என்றார். படிக்கத் தெரியாத அவருக்குத்தான் முதல் பரிசு.

சர்க்கரை எதற்கு என்று அடுத்த கேள்வி. "தெம்புக்கு" என்றார்கள் எல்லோரும். தெம்பு இரண்டாம் பட்சம். சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் வழி ஒன்று இருக்கிறது. காலரா தாக்கிய குடலிலும் அந்த வழி அடைபடுவதில்லை. அவை போகும் பின்னாலேயே நீரும் போகும். 1971இல், வங்கதேசப் போர் அகதிகள் நிரம்பிய மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், ஏற்றுவதற்குத் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலானாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் கிரிக்கெட் கோப்பைகளுக்கு இருக்கும் இடத்தில் கால்வாசி இவருக்கு இருந்தால் நன்றாக இருக்கும்.

பாக்கெட் இல்லையென்றால்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய சிறு கரண்டியால் ஆறு சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது.

நவம்பர் 8, சற்றுப் பின்

அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவை பானமும் ஓ.ஆர்.எஸ்.தானா என்று கேட்ட தங்கைக்கு: அது வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு உட்படாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் பொடியைக் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் 9

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது பற்றி. ஒரு வாசகர், "நான் கண்ணால் பார்த்தேன், இரும்பு கொடுத்ததும் நின்றது" என்கிறார். பார்த்தது உண்மை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். கூட்டம் சேர்ந்து, யாரோ சாவியைத் தேடி எடுத்து, கையைப் பிரித்துத் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். சாவி வருகிறது, வலிப்பு நிற்கிறது. எதால் நின்றது என்று பார்த்தவருக்கு எப்படித் தெரியும்?

இது எனக்கு மிகவும் பிடித்த தேர்வுக் கேள்வி. உடலறிவு மட்டும் போதாது. முன்பின் வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்ற தெளிவும் வேண்டும். செய்ய வேண்டியது: பக்கத்தில் இருக்கும் கூரான பொருள்களை அகற்றுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நவம்பர் 12

மழைக்காலம், பாம்பு பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், இன்று கேட்டுவிட்டார்கள். 'இந்தியாவின் நான்கு முக்கிய நச்சுப் பாம்புகள்' என்பது எல்லாப் பொது அறிவு நூலிலும் இருக்கிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்தவர்களிடம் நான் கேட்பது: கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தவரின் ரத்தம் ஏன் உறைவதில்லை?

ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒன்று. அதில் அப்போது எடுத்த 2 மி.லி. ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர்போல ஓடினால், விஷம் உறையவைக்கும் பொருள்களை ஏற்கெனவே உடலுக்குள் செலவழித்துத் தீர்த்துவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்து உடனே தேவை.

பிளாஸ்டிக் குழாயில் செய்தால் ஏமாந்துபோவோம். உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் பரப்பு. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அந்த 20 நிமிடமும் குழாயை எடுத்து ஆட்டிப் பார்க்காமல் இருப்பது எளிதல்ல. உறவினர்கள் கதவருகே நிற்பார்கள், எல்லார் கண்ணும் குழாயின் மேல் இருக்கும்.

கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை உதவாது. அதன் விஷம் நரம்பைத் தாக்குவது. ரத்தம் சரியாகவே உறையும். தரையில் படுத்து உறங்குபவரை இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. காலையில் வயிற்று வலி என்பார், இமைகள் தொங்கத் தொடங்கும். பல்தடம் தெரியவில்லை என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

முறிவு மருந்து குதிரைகளின் ரத்தத்திலிருந்து வருகிறது. குதிரைக்குச் செலுத்தும் விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் அமைந்த கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நவம்பர் 13

"ஐயா, நாங்கள் குரூப் 4க்குப் படிக்கிறோம். எங்களுக்கு 206 தான் வேண்டும், கதை வேண்டாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கோபமில்லை. ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் வாழ்வு திரும்புவதை நானும் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் செய்யுங்கள் தம்பி, வேலைக்குப் போங்கள்.

மேலே எழுதியவற்றை மறுபடி படித்துப் பார்த்தேன். எண்களையே வெறுப்பவன்போலத் தொனிக்கிறது. எண்ணோடு ஒரு வேலை ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வெறும் எண்ணாகப் பார்த்தால் அதுவும் ஒரு மதிப்பெண்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி என்ற சோதனை எழுதிக்கொடுக்கிறார்களே, அது ஏன் கடந்த மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிறது? ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு அழியும் வரை ஒட்டியே இருக்கிறது. சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் பத்தியம் இருந்து வருகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கியிருக்கும், இது இறங்காது. "நேற்று எதுவுமே சாப்பிடவில்லையே" என்பார்கள். ஐப்பசியில் தின்ற அதிரசம் கார்த்திகையிலும் தெரியும் அம்மா என்று சொல்வேன், சிரித்துவிடுவார்கள். அந்த 120ஐ அவர்கள் பிறகு மறப்பதில்லை.

நவம்பர் 13, பிற்சேர்க்கை

விடைத்தாளைக் கல்வெட்டாக நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. மனிதனின் குரோமோசோம்கள் 48 என்றுதான் 1920களிலிருந்து உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் 46 என்று வெளியிட்டது 1956இல். அதுவரை 46 என்று எண்ணிச் சொல்லியிருக்கக்கூடிய மாணவருக்குச் சுழியம்தான் கிடைத்திருக்கும்.

நவம்பர் 16

முதல் கேள்வி கேட்ட தந்தை மறுபடி எழுதியிருக்கிறார்: வீட்டிலேயே பிள்ளையைச் சோதிக்க எப்படித் தொடங்குவது? வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்குங்கள். மருந்து டப்பாவில் இருக்கும் அட்டையை எடுத்து, காலாவதி தேதி எங்கே என்று கேளுங்கள். தாத்தாவின் நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறி இறங்கியபின் தன் நாடியை அவளே எண்ணட்டும், ஏன் கூடியது என்று சொல்லட்டும். பாட்டியின் வாய் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். 'தண்ணீர் கொடுப்பேன்' என்றால் உடனே திருத்துங்கள், புரையேறிவிடும். அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தம் கட்டியால் அடைபட்டிருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த நூலகத் தேர்வுக்கு மூக்கில் ரத்தம் வடிவதை வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்காரவைத்து, "செய்து காட்டு" என்பேன். தலையை அண்ணாந்து பிடிக்கிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று தெரியும். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். தலையை முன்னே குனிந்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை இரு விரலால் பத்து நிமிடம் விடாமல் பிடித்து, வாயால் மூச்சு விட வேண்டும். நடுவில் விரலை எடுத்து நின்றுவிட்டதா என்று பார்க்கிறவருக்கு மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம். உங்கள் ஊர்களில் யாராவது இதே தேர்வை வைத்தால் என்ன விடை வந்தது என்று இங்கே எழுதுங்கள், கேள்வியை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறேன்.